நாளைக்கும் வருவீர்களா?

வெளிநாட்டில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போய்க் கிறிஸ்துமஸ் கொண்டாடியதைப் பற்றி ஒருவர் எழுதிய அனுபவத்தைப் படித்ததும் மனசு நெகிழ்ந்துவிட்டது. நானும் ஒருமுறை அப்படிப் போயிருக்கிறேன். பரிசைப் பிரித்த ஒரு சிறுமி, பொம்மையை மடியில் வைத்துவிட்டு, அந்த வண்ணக் காகிதத்தை விரலால் நீவி நீவி நான்காக மடித்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கும் வருவீர்களா?" என்று அவள் கேட்டதை இல்லத்து அம்மா மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்குப் பதிலே வரவில்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். பல இடங்களில் பிரித்து வைத்திருப்பது வறுமைதான். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானமும், இல்லங்களைப் படிப்படியாகக் குறைத்துக் குழந்தைகள் குடும்பத்தில் வளர வழிசெய்யச் சொல்கிறது.

அதற்காகப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பண்டிகை நாளில் தனியாக விடப்படுவது கொடுமை. ஆனால் போகும்முன் ஒன்றைக் கேளுங்கள்: இந்த வருடம் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள்? அப்புறம், முகம் தெரியும் படங்களைத் தயவுசெய்து இணையத்தில் போடாதீர்கள். அவள் முகம் என் கைபேசியிலும் இருந்தது. அழித்துவிட்டேன். அந்தக் காகித மடிப்பு மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.