பெட்டி மேல் 'தங்க நகை' என்று எழுதாதீர்கள்

மும்பையில் மாட்டுங்கா, தாராவி பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஊருக்கு நகை அனுப்பும்போது பெட்டி மேல் 'தங்க நகை' என்று மதிப்போடு எழுதிவிட்டால், தொலைந்தாலும் முழுப் பணமும் கிடைக்குமாம்.

இது தவறு. மேலே எழுதுவது இன்ஷூரன்ஸ் ஆகாது. திருடுகிறவருக்குத்தான் அது உதவும். பல தனியார் கூரியர்கள் தங்க நகையை ஏற்பதே இல்லை. ரசீதின் பின்பக்கத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். அஞ்சலகத்தில் மதிப்பை அறிவித்து, தனிக் கட்டணம் கட்டி இன்ஷூரன்ஸ் எடுக்கலாம். எவ்வளவு மதிப்பு வரை என்பதைக் கவுண்டரிலேயே கேளுங்கள்.

சரி, நகையைப் பெட்டியில் வைத்து எப்படிக் கட்டுவது? சங்கிலியின் கொக்கியை மாட்டி, ஜிப் கவரில் போடுங்கள். அதைச் சின்னப் பெட்டியில் வைத்து, பபிள் ராப் சுற்றி, இன்னொரு கெட்டி அட்டைப் பெட்டிக்குள் இறுக்கமாக வையுங்கள். குலுக்கினால் சத்தமே வரக்கூடாது. எல்லா விளிம்பிலும் டேப் ஒட்டுங்கள். நகைக்கடைப் பெயர் போட்ட பெட்டி வெளியே தெரியவே வேண்டாம். மூடுவதற்கு முன் எடையையும், நகையில் பொறித்த, எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க ஹால்மார்க் குறியீட்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.