111-க்கு வரும் அழைப்புகள் ஃப்ளூ நோயாளிகளின் கணக்கு அல்ல

"இங்கிலாந்தில் மருத்துவ ஆலோசனைக்கான 111 என்ற எண்ணுக்கு போன் செய்தால் பெயர் அரசின் நோய்ப் பட்டியலில் ஏறிவிடும், வாராவாரம் வெளியாவது ஃப்ளூ உறுதியானவர்களின் எண்ணிக்கை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

சிகிச்சைக்காக உங்கள் பெயர் பதிவாகும். குடும்ப மருத்துவருக்கும் போகும். அது வேறு. அந்நாட்டின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை பருவநோய்களைக் கவனிக்கப் பயன்படுத்துவது அடையாளம் நீக்கிய விவரம்தான்: வயதுப் பிரிவு, வட்டாரம், அறிகுறி.

எண்ணிக்கை விஷயம்தான் முக்கியம். போனை எடுப்பவர் திரையில் வரும் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்பார். மூச்சு வாங்குகிறதா? உடம்பு கொதிக்கிறதா? பதிலைப் பொறுத்து அந்த அழைப்பு இருமல், காய்ச்சல், வாந்தி என ஏதோ ஒரு வகையில் சேரும். ஆய்வகப் பரிசோதனை எதுவும் இதில் கிடையாது. குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகள் மூடியிருக்கும் விடுமுறை நாட்களில் அழைப்புகள் தானாகவே கூடும். 2020 மார்ச்சில் கொரோனா பயமே போன்களைக் குவித்தது. அதனால்தான் மொத்த அழைப்புகளில் ஒவ்வொரு அறிகுறியின் பங்கையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

பரிசோதனை முடிவுகள் சேரும் முன்பே போக்கைக் காட்டுவதுதான் இதன் பலம். குளிர்காலத்தில் சின்னக் குழந்தைகளுக்கான வாந்தி அழைப்புகள் ஏறினால், வாந்தி, பேதியை உண்டாக்கும் நோரோவைரஸ் பரவுகிறதா என்று உடனே கவனிக்க முடிகிறது. காய்ச்சலில் துவளும் பிள்ளையை வைத்துக்கொண்டு, பட்டியலுக்குப் பயந்து யாரும் 111-ஐ அழைக்காமல் இருக்க வேண்டாம்.