கையை நனைக்காமல் எப்படிங்க வாழ்றது?

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். என் கையில் இருக்கும் இந்தத் தோல் நோய் அடுத்தவருக்கு ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒட்டாது, நான் பிடித்த கதவுக் கைப்பிடியை நீங்கள் பிடித்தாலும் ஒட்டாது. போன வாரம் ஒருவர் கையெழுத்துப் போடப் பேனா கேட்டார். நீட்டினேன். என் விரலைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், "பரவாயில்லைங்க, என்கிட்டயே இருக்கும்" என்று பையைத் துழாவ ஆரம்பித்தார். பையில் இல்லை என்பதால்தானே ஐயா என்னிடம் கேட்டீர்கள்? கடைசியில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி என் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

எனக்கு இருப்பது கையிலும் காலிலும் கொப்புளம் போடும் எக்ஸிமா, அதாவது ஒரு வகைத் தோல் அழற்சி. டிஷைட்ராட்டிக் எக்ஸிமா என்று சீட்டில் எழுதுவார்கள், பாம்ஃபோலிக்ஸ் என்றும் சொல்வார்கள். அந்த முதல் பெயரிலேயே ஒரு கோளாறு. 1873-இல் டில்பரி ஃபாக்ஸ் என்ற இங்கிலாந்து மருத்துவர், வியர்வை வெளியேற வழியில்லாமல் தோலுக்குள் தேங்குவதால்தான் கொப்புளம் வருகிறது என்று நினைத்து வியர்வையை வைத்துப் பெயர் சூட்டினார். பிற்பாடு தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர்கள், வியர்வைக் குழாய் அடைப்பு எதுவும் இல்லை, இது தோலின் அழற்சி என்றார்கள். நூற்றைம்பது வருஷம் ஆகியும் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. வியர்த்தால் இது கிளம்பும் என்பது வேறு விஷயம். ஆனால் பெயரைக் கேட்டதும் "ஓ, வியர்வைப் பிரச்சினையா, பவுடர் போடுங்க" என்று ஆரம்பிக்கிறார்களே, அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

ஆரம்பம் எப்போதும் ஒரே மாதிரிதான். இரண்டு விரல்கள் உரசும் ஓரத்தில், உள்ளுக்குள் ஏதோ ஊர்வது போல ஒரு நமநமப்பு. பார்த்தால் ஒன்றும் தெரியாது. மறுநாள் வெளிச்சத்தில் விரலைச் சாய்த்துப் பிடித்தால், ஜவ்வரிசியைத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்த மாதிரி வரிசையாக மணிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு. உள்ளங்கைத் தோல் தடிமனாக இருப்பதால் அவை சட்டென்று உடையாது. உள்ளேயே உட்கார்ந்து அரிக்கும். அந்த அரிப்பு நகத்துக்கு எட்டாது. எலும்பில் அரிப்பது போல இருக்கும். சில சமயம் நாலைந்து மணிகள் சேர்ந்து ஒரே பெரிய கொப்புளமாகிவிடும், விரலை மடக்க முடியாது.

இரண்டு மூன்று வாரத்தில் எல்லாம் வற்றி, தோல் உரிய ஆரம்பிக்கும். அப்பாடா என்று இருக்கலாமா என்றால் அதுவும் இல்லை. உரிந்த இடம் காய்ந்து, விரல் மடிப்பில் கத்தியால் கீறியது போல வெடிக்கும். அதற்குள் அடுத்த வரிசை பக்கத்து விரலில் தயாராகிவிடும். இந்த நேரத்தில் என் போனுக்கு என் விரலே அடையாளம் தெரியாது. கட்டை விரலை வைத்தால் 'மீண்டும் முயற்சிக்கவும்'. ஆள்காட்டி விரலை வைத்தால் அதே பதில். ரேகையே உரிந்து போனால் அது பாவம் என்ன செய்யும். கைரேகை வைத்து வருகை பதியும் இயந்திரத்தின் முன்னால் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நான் நிற்க, பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். ஏன் சார், வேண்டுமென்றா தோலை உரித்துக்கொண்டு வந்தேன்?

சரி, வைத்தியத்துக்கு வருவோம். என் உண்மையான குமுறல் இங்கேதான். "தண்ணியில கை வைக்காதீங்க" என்பார்கள். அடுத்த மூச்சிலேயே "கையை வறண்டு போக விடாதீங்க" என்பார்கள். இரண்டும் சரிதான், அதுதான் கொடுமை. தண்ணீரும் சோப்பும் தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும், காய்ந்தால் வெடிக்கும், வெடிப்பு வழியாக எல்லாம் உள்ளே போகும். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ, இருபது தடவைக்கு மேல் கழுவினாலோ அதை ஈர வேலை என்று தோல் மருத்துவத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டில் இருந்த ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். கழிவறை, சமையல், பாத்திரம், சாப்பாட்டுக்கு முன், பின், குழந்தையின் மூக்கு, தரையில் கொட்டிய பால். சாயங்காலம் ஆறு மணிக்கே 23 ஆகிவிட்டது. அதற்கு மேல் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவை கழுவியதும் துடைத்து மாய்ஸ்சரைசர் தடவ வேண்டுமாம். தடவிய கையோடு எதைத் தொடுவது? காகிதத்தில் எண்ணெய்க் கறை, போன் திரை முழுக்கப் பிசுக்கு, மூடியைத் திருகினால் வழுக்கும். அதைத் துடைக்க மறுபடி கழுவு. நல்ல விளையாட்டு.

கையுறை போடுங்கள் என்பார்கள். போட்டேன். பத்து நிமிஷத்தில் உள்ளே வியர்த்துக் கை ஊறிப் போய்விட்டது. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, அதற்கு மேல் ரப்பர் கையுறை என்று இரண்டடுக்காகப் போட்டு, சீக்கிரம் கழற்றிவிட வேண்டும் என்று அப்புறம்தான் ஒருவர் சொன்னார். சிலருக்கு ரப்பரில் சேர்க்கும் ரசாயனமே ஒத்துக்கொள்ளாது என்பது தனிக் கதை.

காலைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கையையாவது சட்டைப் பைக்குள் ஒளிக்கலாம். உள்ளங்கால் கொப்புளத்தின் மேல் உடம்பின் முழு எடையும் இறங்கும். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் வாய் வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கியிருக்கிறேன். இதில் ஒரு வேடிக்கை. இரண்டு வருஷம் கைக்கு மட்டும் களிம்பு எழுதி வாங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர் "செருப்பைக் கழற்றுங்க" என்றார். கால் விரல் இடுக்கில் பூஞ்சைத் தொற்று. கால் பூஞ்சைக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பாகவும் கையில் இப்படிக் கொப்புளம் வரலாமாம். காலுக்கு மருந்து போட்டதும் கை பாதி அடங்கியது. அதுவரை பார்த்த இருவரும் என் காலைப் பார்க்கக்கூட இல்லை.

மீதிப் பாதிக்கு, எந்தப் பொருள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை. முதுகில் பட்டை பட்டையாக ஒட்டி 48 மணி நேரம் குளிக்காமல், வியர்க்காமல் இரு என்றார்கள். முதுகு அரித்த அரிப்பில் சுவரில் தேய்க்காமல் இருந்ததற்கு எனக்கு ஒரு பதக்கம் தரலாம். முடிவில் நிக்கல். சாவி, சில்லறை, ஜிப், பேன்ட் பொத்தான். சொல்லுங்கள், எதைத் தொடாமல் இருப்பது?

ஸ்டீராய்டு களிம்பு என்றாலே ஊரே பயமுறுத்தும். பயந்துகொண்டு கடுகளவு தடவி, இரண்டு நாளில் நிறுத்தி, அது திரும்பி வந்து, மறுபடி கடுகளவு. இப்படியே ஒரு வருஷம் போனது. கடைசியில் ஒரு நர்ஸ்தான் அளவைச் சொல்லிக்கொடுத்தார். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். ஒரு கையின் இரண்டு பக்கத்துக்கும் அது போதும். டாக்டர் சொன்ன நாள் வரை போட வேண்டும், அதற்கு மேல் சொந்தப் புத்தியில் நீட்டக் கூடாது, நீட்டினால் தோல் மெலியும். இந்த மூன்று வாக்கியத்தைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. முதல் நாளே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

நீர் கசியும் கட்டத்தில் எனக்கு உருப்படியாகக் கைகொடுத்தவை இரண்டுதான். ஒன்று, சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பதினைந்து நிமிஷம் போட்டு வைப்பது. அரிப்பு உடனே இறங்கும். இன்னொன்று பொட்டாசியம் பெர்மாங்கனேட் தண்ணீர். வெளிர் ரோஸ் நிறத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு துகள்கூடக் கரையாமல் இருக்கக் கூடாது, தோலைச் சுட்டுவிடும். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும், வாயில் போனால் விஷம். டாக்டர் சொன்ன அளவில் பத்துப் பதினைந்து நிமிஷம் கையை அமிழ்த்தினால் கசிவு வற்றும். ஆனால் நகமெல்லாம் பழுப்பாகிவிடும். கொப்புளத்தைப் பார்த்து ஒதுங்கியவர்கள் இப்போது நகத்தைப் பார்த்து ஒதுங்குவார்கள். வெந்நீர் மட்டும் வேண்டாம். சூடாக ஊற்றும்போது அரிப்புக்குச் சொர்க்கம் போல இருக்கும், அரை மணி நேரத்தில் வட்டியோடு வாங்கிவிடும். ஊசியால் குத்தி உடைக்கும் ஆசையும் வேண்டாம். நான் ஒரு முறை குத்தினேன். சீழ் வைத்து, விரல் சிவந்து வீங்கி, காய்ச்சலோடு போய் மாத்திரை வாங்கிவந்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. "டென்ஷன் ஆகாதீங்க, டென்ஷன் ஆனா இது ஜாஸ்தியாகும்." உண்மைதான், மன அழுத்தம் இதைக் கிளப்பிவிடும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, உள்ளங்கையைப் போர்வையில் தேய்த்துக்கொண்டே தூங்காமல் கிடப்பவனிடம், டென்ஷன் ஆகாதே என்பது எந்த ஊர் வைத்தியம்? அவன் டென்ஷனுக்குக் காரணமே அந்தக் கைதானே.

இதை வலது கை நடுவிரலால்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன், ஆள்காட்டி விரல் வெடித்திருக்கிறது. இப்போது இடது சுண்டு விரல் ஓரத்திலும் அந்த நமநமப்பு. துணியை நனைக்கப் போகிறேன்.