சோழவரத்தை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்களே!

உங்கள் கட்டுரையில் தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் கதையை, சென்னை அருகே 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலிருந்து விரிவாகச் சொல்லியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் அதற்கு முந்தைய சோழவரத்துக்கு இரண்டு வரிதானா? மனசு கேட்கவில்லை.

சோழவரம், சென்னைக்கு வடக்கே இருக்கும் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. பள்ளி நாட்களில் அப்பா என்னைக் கூட்டிப்போனார். வளைவுகளில் தடுப்புச் சுவருக்குப் பதில் வைக்கோல் கட்டுகள். பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரியும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் விட்டுப்போகும் நீலப் புகை, அந்த எண்ணெய் வாசனை வீடு வரை சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். யெஸ்டி பைக்கும் ஆர்டி 350 பைக்கும் நேர்பாதையில் சேர்ந்து வந்தால் கூட்டம் மொத்தமும் எழுந்து நிற்கும்.

இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டருக்கு முறையான தடம் வந்தது பெரிய விஷயம், மறுக்கவில்லை. அப்புறம் கோவை செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் வந்தது. ஆனால் ஒரு தலைமுறைக்கு இந்தப் பித்தை ஏற்றிவிட்டது சோழவரம்தான். அன்று ஓட்டிய பெரியவர்களிடம் பேசி, தனிக் கட்டுரையாகவே எழுதுங்கள். பழைய புகைப்படங்களையும் கேட்டு வாங்கிப் போடுங்கள், ஐயா.