வண்டலூரில் பிறந்த எங்கள் ஹெரால்டு

பழைய கார் என்று பேச்செடுத்தால் எல்லோரும் அம்பாசிடரையும் ஃபியட்டையும்தான் சொல்கிறார்கள். ஒன்று வங்காளத்து உத்தரபாராவில் செய்தது, மற்றது பம்பாய் குர்லாவில். சென்னைக்குப் பக்கத்தில், நம் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டை நினைப்பார் இல்லை. இது எனக்கு வெகுநாள் ஆதங்கம். செங்கல்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற முதல் கார் அதுதான்.

1978-இல் அப்பா அதை இரண்டாம் கையாக வாங்கினார். வெளிர்நீலம், இரண்டே கதவு. பின்னால் ஏற முன் சீட்டை மடக்க வேண்டும். பாட்டி, அத்தை, நாங்கள் மூன்று பிள்ளைகள், மடியில் புளியோதரைத் தூக்கு. அப்படித்தான் காஞ்சிபுரம் போவோம். எங்கள் தெரு முட்டுச்சந்து. பெரிய கார்கள் ரிவர்ஸிலேயே வெளியேறும். ஹெரால்டுக்குத் திரும்ப 25 அடி விட்டம் போதும். அப்பா ஒரே ஒடிப்பில் திருப்பிவிடுவார். திண்ணையில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

ஆனால் எனக்கு உயிர் அதன் பானட். இரு பக்கமும் உள்ள கொண்டிகளை விடுவித்தால், மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து முகம் முழுவதும் முன்பக்கம் சாய்ந்துவிடும். எஞ்சினும் இரண்டு சக்கரங்களும் வெட்டவெளியில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஒரு சக்கரத்தின் மேல் உட்காருவார், எதிர்ச் சக்கரம் எனக்கு. எஞ்சினின் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலில் நனைத்து, உப்புத்தாளால் கரியைத் தேய்த்து ஒவ்வொன்றாக நீட்டுவார். நான் வாயால் ஊதி, பழைய வேட்டித் துண்டின் மேல் வரிசை மாறாமல் வைக்க வேண்டும். அந்தப் பெட்ரோல் வாசனை மதியச் சாப்பாட்டின்போதும் விரலில் இருக்கும். அப்பா என்னோடு அதிகம் பேசியது அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துதான்.

சென்னைக்குப் போகும்போது வண்டலூர் வந்தால் வேகத்தைக் குறைப்பார். "இவள் பிறந்த ஊர்" என்பார். நாங்கள் மூவரும் கைகூப்புவோம்.

பிறகு ஃபியட் வந்தது, அதற்குப் பிறகு மாருதி 800. நல்ல கார்கள்தான். அவற்றில் எனக்கென்று ஒரு சக்கரம் இல்லை.

ஹெரால்டு, இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உருவம். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்து, 1961-இல் இங்கே செய்யத் தொடங்கினார்கள். பின்னர் அதே தொழிற்சாலையிலிருந்து கெசல் என்ற கார் வந்தது, 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கார் உற்பத்தியே நின்றுபோனது. இன்று வண்டலூர் என்றால் பிள்ளைகளுக்கு உயிரியல் பூங்கா மட்டும்தான் தெரியும். சுற்றிலும் இத்தனை கார் தொழிற்சாலைகள் உள்ள வட்டாரத்தில், அதற்கெல்லாம் முன்னால் இங்கே கார் செய்த கைகளுக்கு ஓர் அடையாளம் வேண்டாமா? வண்டலூரில் ஒரே ஒரு ஹெரால்டை, பானட் திறந்த நிலையில், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும்படி நிறுத்தி வைக்கலாம்.

அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. 1980-இல் இருபது வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டியிருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கதவு பொருத்தினாரா, பெயிண்ட் அடித்தாரா, கேண்டீனில் பரிமாறினாரா, எதுவானாலும் இங்கே எழுதுங்கள். வெளிர்நீலம் அடித்தவர் யாரென்று தெரிந்தால் நேரில் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறேன்.