ஏற்றுமதி மருந்தைச் சோதிக்கும் கடமை விற்கும் நாட்டுக்கே உரியது

2022ஆம் ஆண்டு மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. ஹரியானாவில் தயாரான நான்கு இருமல், சளி மருந்துகளில் டைஎத்திலீன் கிளைக்கால், எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப் பொருள்கள் அளவுக்கு மீறிக் கலந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டு அக்டோபர் 5 அன்று எச்சரித்தது. அதையொட்டி நமது சுகாதார அமைச்சகம் அளித்த விளக்கத்தில் இருந்த ஒரு கருத்தை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. இறக்குமதி செய்யும் நாடு மருந்தைச் சோதித்து, அதன் தரத்தை உறுதி செய்துகொண்ட பிறகே புழக்கத்துக்கு விடுவது வழக்கம் என்றது அமைச்சகம். காம்பியாவிலோ அப்போது மருந்தைச் சோதிக்க ஓர் ஆய்வகம்கூட இல்லை. அந்த மருந்துகள் இந்தியக் கடைகளில் விற்கப்படாதவை, ஏற்றுமதிக்கென்றே உரிமம் பெற்றவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நம் பிள்ளைகள் குடிக்காத மருந்தை யாரும் அக்கறையோடு பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தாம் சோதித்த மாதிரிகளில் நச்சு இல்லை என்று இந்தியத் தரப்பு பின்னர் மறுத்தது. காம்பியாவின் நாடாளுமன்றக் குழுவோ தயாரிப்பு நிறுவனத்தையே பொறுப்பாக்கியது. அதே ஆண்டின் இறுதியில் உஸ்பெகிஸ்தானிலிருந்தும், நொய்டாவில் தயாரான ஒரு மருந்தைப் பற்றி இதே போன்ற செய்தி வந்தது.

இந்த நஞ்சு மருந்துக்குள் நுழையும் வழி எல்லோரும் அறிந்ததுதான். இருமல் மருந்தைக் கரைக்கப் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற திரவங்கள் தேவைப்படுகின்றன. மருந்துக்குரிய தரத்தில் அவற்றின் விலை அதிகம் என்பதால், இந்த நஞ்சு கலந்த, ஆலைகளுக்கான மலிவான சரக்கு இடைத்தரகர் வழியாக அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. பிரேக் எண்ணெயில் சேரும் பொருள் இப்படித்தான் குழந்தையின் வயிற்றுக்குள் போகிறது. மும்பையில் 1986ஆம் ஆண்டிலேயே மருத்துவமனை நோயாளிகள் இதே நஞ்சினால் இறந்திருக்கிறார்கள்.

ஏற்றுமதியாகும் இருமல் மருந்துகளுக்கு அரசு ஆய்வகச் சான்றோ அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றோ கட்டாயம் என்ற விதி 2023 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதை நான் மனமார வரவேற்றேன். ஆனால் கப்பலில் ஏறும் சரக்குக்கு விதித்த இந்த முன்சோதனையை உள்நாட்டுக் கடைக்குப் போகும் சரக்குக்கு விதிக்கவில்லை. 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடாவிலும் அதைச் சுற்றியும் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, அவர்கள் குடித்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்று தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 சதவீதமாக இருக்க, தமிழக அரசின் சோதனையில் அந்த மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது.

குழந்தைகளுக்கான எல்லாத் திரவ மருந்துகளையும், அவற்றில் சேரும் கரைப்பான்களையும், பேட்ச் தவறாமல் ஆலையைவிட்டு வெளியேறும் முன்பே சோதிக்க வேண்டும். அந்தச் சரக்கு காம்பியாவின் தலைநகர் பஞ்சுலுக்குப் போகிறதா, சிந்துவாடாவுக்குப் போகிறதா என்பதைப் பொறுத்து விதி மாறக் கூடாது. சிறு நிறுவனங்களால் இந்தச் செலவையும் தாமதத்தையும் தாங்க முடியாது என்கிறார்கள். காஞ்சிபுரத்து மருந்தில் நஞ்சு இருப்பதைக் கண்டறிய நம் அரசு ஆய்வகத்துக்கு ஓரிரு நாள்தான் ஆயிற்று.