ஏசி வாயு ஆண்டுதோறும் தீர்ந்துபோவதில்லை

"பழைய ஏசியில் வாயு ஆண்டுக்கு ஒருமுறை தீர்ந்துவிடும், கோடைக்கு முன் கட்டாயம் நிரப்புங்கள், ஆர்-22 கிடைக்காவிட்டால் ஆர்-32 நிரப்பலாம்" என்ற செய்தி குமரி மாவட்ட வாட்ஸ்அப் குழுக்களில் பகிரப்படுகிறது. ஆர்-22, ஆர்-32 என்பவை ஏசியில் குளிரூட்டும் வாயு வகைகள். இரண்டு கூற்றுகளும் தவறு.

குளிர்பதன வாயு மூடிய குழாய்களுக்குள் ஆவியாகியும் மீண்டும் திரவமாகியும் சுழல்கிறதே தவிர, பெட்ரோலைப் போல எரிந்து செலவாவதில்லை. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்பதே பொருள். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, சோப்பு நுரையால் கசிவைக் கண்டறிந்து அடைத்து, குழாய்களை வெற்றிடமாக்கிய பின்னரே, யூனிட்டின் பெயர்த்தகட்டில் குறித்துள்ள வாயுவை, குறித்துள்ள எடையில் நிரப்ப வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று வெளிப்புற யூனிட்டின் காயிலை (வாயு ஓடும் சுருள் குழாயை) அரித்துக் கசிவை உண்டாக்குவதால், சில வீடுகளில் அடிக்கடி வாயு நிரப்ப நேர்வது உண்மைதான். இந்த வதந்தி நம்பும்படியாக இருப்பதற்கு அதுவே காரணம் எனலாம்.

ஆர்-32, ஆர்-22-ஐ விட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் இயங்குவது, ஓரளவு தீப்பற்றக்கூடியது, கம்ப்ரசருக்கு வேறு வகை எண்ணெய் தேவைப்படுவது. ஆர்-22 இயந்திரத்தில் அதை நிரப்புவது ஆபத்தானது.

குளிர் குறைந்தால் முதலில் வடிகட்டியைக் கழுவிப் பாருங்கள். பெரும்பாலும் செலவு அதோடு முடியும். வெளிப்புற விசிறி சுழலாவிட்டால், அது சுழல உதவும் கெபாசிட்டர் என்ற மின்தேக்கி பழுதாகியிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், அதை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

ஏசியுடன் வந்த கையேட்டிலும் பெயர்த்தகட்டிலும் வாயு வகையைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.